மிடில்செக்ஸில் புதினம் சொல்லும் நேரம்

1989ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஒன்பதேமுக்கால் மணிக்குத் தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையத்தில் நானும் மலரும் விக்டோரியா வண்டிக்காக நின்றோம். மலர் எங்கள் வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவள். ஒரு பேக்கரியில் பாண் பொதி கட்டுகிற வேலை. என்னை அண்ணை என்பாள். நானும் தங்கச்சி முறையாகவே நடத்தி வருகிறேன். அவள் கையில் ஈயத்தாள் மூடிய பெரிய தட்டு, உள்ளே விடியப்புறம் எழும்பிப் பொரித்த ஆட்டிறைச்சி ரோல்ஸ். தம்பியை நாளைக்கு விமானத்தில் ஏற்றப் போகிறார்கள், இவள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வருகிறாளே என்று யாரும் நினைக்க வேண்டாம். முதன்முதலாக ஒரு இடத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போக எங்கள் ஆட்களால் ஏலாது. எந்த நிலைமையிலும் ஏலாது.

லண்டனை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். மணிக்கூட்டுக் கோபுரம், ஆற்றுப் பாலம், சிவப்புச் சட்டைக் காவல்காரர், சிவப்பு பஸ். நான் எழுதப்போகிற பாதையில் சிவப்பு பஸ்சைத் தவிர அதில் எதுவும் வராது.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மலரின் தம்பி குகனுக்கு வயது இருபத்திமூன்று. வந்து ஒன்றரை வருஷம். அகதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஆறு கிழமையாக விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தடுப்பு இல்லத்தில் இருந்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் வக்கீல் தொலைபேசி எடுத்து, ஞாயிறு காலைக் கொழும்பு விமானத்தில் இடம் போட்டாயிற்று என்றார். திங்கட்கிழமைதான் நீதிமன்றம் திறக்கும். அந்த வருஷம் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெடியன் தனியே போய் இறங்குவது என்றால் என்ன என்பதை நான் உங்களுக்கு எழுதிக் காட்டத் தேவையில்லை.

அந்தச் செய்தி கேட்டவுடன் எனக்கு ஞாபகம் வந்தவர் பேர்ல். ஜமெய்க்காக்காரி. குறொய்டனில் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் நானும் அவரும் பல வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்று சட்டி கழுவியவர்கள். பிறகு அவர் மேற்கு லண்டனுக்கு, ஹான்வெல் என்கிற இடத்துக்கு மாறிப் போய்விட்டார். பேர்ல் ஒரு வசனத்தைச் சொன்னால் நான் அதை இரண்டு நாள் வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டு திரிவேன். வேலைக்குப் பிந்தி வந்தால் மன்னிப்புக் கேட்க மாட்டார். "என்ரை காலுக்கு என்னைவிட வயது கூட, நாதன், அது ஆறுதலாத்தான் வரும்" என்பார். அவர் பேசியது ஆங்கிலம், அதுவும் தங்கள் தீவின் ஆங்கிலம். நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எழுத்துத் தமிழில் போட்டால் அது பேர்லாக இராது.

போன வருஷம் பேர்ல் எனக்கு ஒரு கதை சொல்லியிருந்தார். கானா நாட்டுப் பெண் ஒருத்தியை இப்படித்தான் விமானத்தில் ஏற்றப் பார்த்தார்கள். பேர்லின் ஊர்ச் சங்கத்து ஆட்கள் ஒரு மினிபஸ்ஸிலும் சில கார்களிலும் விமான நிலையத்துக்குப் போய், வரிசையில் நின்ற பயணிகளிடம் ஒவ்வொருவராக விஷயத்தைச் சொன்னார்கள். உள்ளே போன பயணிகள் சிலர், அந்தப் பெண்ணை இறக்கும்வரை கதிரையில் இருக்க மாட்டோம் என்று எழும்பி நின்றார்கள். விமானி இறக்கிவிட்டார். அவள் இப்போதும் இங்கே லண்டனில், அக்டனில் இருக்கிறாள். அதை முன்னின்று செய்தவர் டெஸ்மண்ட் என்று ஒரு பஸ் சாரதி. எந்தக் கவுண்டரில் நிற்பது, யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

வெள்ளி இரவே பேர்லுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நாளைக்கு எங்கள் சங்கக் கொண்டாட்டம், ஒரு மணிக்குப் புதினம் சொல்லுகிற நேரம், அவரவர் வீட்டுச் செய்தியை எழும்பிச் சொல்லுவோம், டெஸ்மண்டும் நிற்பார், அவனுடைய அக்காவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். பிறகு ஒன்றை அழுத்திச் சொன்னார். "அவதான் சொல்ல வேணும். தன்ரை வாயாலை. ஒருத்தற்ரை வீட்டுப் புதினத்தை இன்னொருத்தர் காவிறதில்லை, அது எங்கடை சட்டம்." முன்பொரு தடவை யாரோ ஒரு பெண்ணின் புருஷனுக்கு நோய் வருத்தம் என்று இன்னொருத்தி எழும்பிச் சொல்லி, பெரிய சண்டையாகி, அதற்குப் பிறகு வந்த சட்டமாம்.

பத்து மணி. வண்டி நோர்பரி, ஸ்ட்ரெதம் கொமன், பால்ஹம் என்று நின்று நின்று போனது. விக்டோரியாவுக்கு ஒன்பது மைல் இருக்கும், அரை மணித்தியாலம் எடுக்கும். நாள் முழுக்க ரயிலிலும் பஸ்ஸிலும் போகக்கூடிய ஒரே சீட்டு, இரண்டு பவுண் சொச்சம். மலர் யன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை. இங்கிலிசில் என்ன சொல்லுவது என்று உதட்டுக்குள் பாடமாக்கிக்கொண்டு வந்தாள். "மை பிரதர்" என்று தொடங்குவாள், பிறகு நிறுத்தி, அது வயதில் மூத்தவனா இளையவனா என்று அவர்களுக்கு எப்படி விளங்கும் என்று என்னைக் கேட்பாள். நான் திருத்தப் போகவில்லை. அவள் இங்கிலிஸ் போதும். பேக்கரியில் மேற்பார்வைக்காரனோடு சண்டை பிடிக்கிற அளவுக்குப் போதும்.

விக்டோரியாவில் நிலக்கீழ் ரயிலுக்கு மாறி, ஈலிங் புரோட்வேயில் இறங்கும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. அங்கிருந்து 207ஆம் இலக்க பஸ், வெஸ்ட் ஈலிங்கைத் தாண்டி ஹான்வெல். உயரமான ரயில் பாலம் ஒன்று வரும் முன்பே இறங்க வேண்டும். பேர்ல் தரிப்பிடத்தில் நின்றார். மலரைக் கட்டிப் பிடித்தார், தட்டை வாங்கினார், ஈயத்தாளைக் கொஞ்சம் தூக்கி மணந்து பார்த்தார். "இவ்வளவும் விடிய எழும்பிச் செய்தனியே பிள்ளை? நித்திரை கொள்ளேல்லை என்ன?" என்றார். மலர் தலையாட்டினாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் அறிமுகம்.

நடந்து போகிற வழியில் அந்த ஊரின் புதுமை ஒன்றைப் பேர்ல் சொன்னார். இந்தப் பகுதி முழுக்க முன்பு மிடில்செக்ஸ் என்கிற கவுண்டி, எங்கள் பக்கத்து மாவட்டம் மாதிரி. நிர்வாகத்தில் அதை எப்போதோ ஒழித்துவிட்டார்கள். ஆனால் சனங்கள் இன்றைக்கும் விலாசத்தில் மிடில்செக்ஸ் என்றே எழுதுகிறார்கள். ஜமெய்க்காத் தீவையும் வெள்ளைக்காரன் மூன்று கவுண்டியாகப் பிரித்து, நடுவில் உள்ளதற்கு மிடில்செக்ஸ் என்றே பெயர் வைத்திருக்கிறான். பேர்ல் அந்த மிடில்செக்ஸில் கிளாரண்டன் என்னும் பகுதியில் பிறந்தவர். "அந்த மிடில்செக்ஸிலை பிறந்து இந்த மிடில்செக்ஸிலை தரை துடைச்சனான். பெயர் மாறேல்லை எண்டபடியா தூரம் போன மாதிரித் தெரியேல்லை" என்றார். அவர்களுடைய சங்கமே இரண்டு மிடில்செக்ஸுக்கும் பொதுவான சங்கம்தான். எங்கள் ஊர்ச் சங்கங்கள் லண்டனில் கூடும்போது ஊர்க் குளத்தையும் பள்ளிக்கூடத்தையும் பற்றிக் கதைக்குமே, கிட்டத்தட்ட அப்படி. தோர்ண்டன் ஹீத்துக்கும் பழைய விலாசம் சரே. ஜமெய்க்காவில் சரேயும் ஒன்று இருக்கிறது என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பன்னிரண்டரை. மண்டபம் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம். லண்டனில் சில கவுன்சில்கள் ஒக்டோபர் மாதத்தைக் கறுப்பு மக்களின் வரலாற்று மாதம் என்று கொண்டாடத் தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அன்றைய கொண்டாட்டமும் அதற்குத்தான். வாசலில் பெரிய வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஒரு பக்கம் தீவின் மிடில்செக்ஸ், மறுபக்கம் லண்டன் மிடில்செக்ஸ், நூலால் தைத்திருந்தது. இடையில் கடல் என்று நீலத் துணி. சுவரெல்லாம் புகைப்படங்கள். விமானப்படை உடுப்பில் ஒரு இளைஞன், கப்பல் தளத்தில் தொப்பியோடு பெண்கள், மூட்டையோடு ஒரு ரயில் சுமைதூக்கி. அரசர் படம் எதுவும் இல்லை. படத்தின் கீழே இந்தத் தெருவில் இன்ன இலக்க வீட்டில் இருந்தவர் என்று எழுதியிருந்தது. எங்களிடம் இப்படி ஒரு சுவர் இல்லையே என்று நினைத்தேன். நாங்கள் வந்து இறங்கிய நாளை நாங்களே மறைத்து வைத்திருக்கிறோம்.

பேர்ல் எங்களைக் கடைசி வரிசையில் இருத்திவிட்டு, கறி அடிப்பிடித்துவிடும் என்று குசினிக்குள் போய்விட்டார். ஆட்டுக் கறி வாசம் மண்டபம் முழுக்க. கண்ணை மூடினால் அது எங்கள் வீட்டுக் கலியாண வாசம்தான், மிளகாய் மட்டும் வேறு.

ஒரு மணி. தலைவர் க்ளிஃப்டன் முன்னுக்கு வந்து நின்றார். பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போதும் பின்னால் நிற்பவனுக்குக் கேட்கிற குரல். அவர் வரிசை வரிசையாக வந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆள் எழும்பிப் புதினம் சொல்ல வேண்டும். கேள்வி ஒன்றேதான்: உங்கள் வீடு எப்படி இருக்கிறது.

ஒரு மனிதர் எழும்பி, கிளாரண்டனில் தம்பி செத்துப்போனான், போன வருஷப் புயலுக்குப் போன கூரை இன்னும் போடாத வீட்டில் வைத்துத்தான் அடக்கம் செய்தார்கள் என்றார். மண்டபம் முழுக்க வாய் திறவாமல் ஒரு முனகல் எழும்பியது. அடுத்தவர் எழும்பி, மகள் தாதிச் சோதனை பாஸ் என்றார். அதே முனகல், கொஞ்சம் உயரமாக. அதற்கடுத்த பெண், தன் மகனை இந்தக் கிழமை மூன்றாம் தடவை பொலிஸ் மறித்துக் கையை முறித்துவிட்டார்கள், பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டாள். முன் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நான் பார்த்தேன், நான் வந்து சொல்கிறேன் என்றது ஒரு குரல். அவ்வளவுதான், அடுத்த வீடு. யாரும் அழவில்லை, யாரும் ஆறுதல் பேச்சுப் பேசவில்லை. இவ்வளவு கெட்ட செய்தியும் காகிதப் பூக்களுக்கு நடுவில், புது உடுப்புப் போட்ட பிள்ளைகளுக்கு முன்னால்.

பொலிஸில் பிடிபட்டால் மட்டும்தான் பத்திரிகையில் எங்கள் பெயர் வரும், அதனால்தான் இந்த நேரத்தை வைத்தோம் என்று பேர்ல் வழியில் சொல்லியிருந்தார். இந்த நேரம் முடியும்வரை ஒருவரும் மண்டபத்தை விட்டுப் போக மாட்டார்கள். முடிந்த பிறகு விரும்பினால் போகலாம். கதவடியில் சாம்பல் நிறக் குளிர்ச்சட்டையோடு நெட்டையாக ஒருவர் நின்றார். போகத் தயாராக நிற்பவர் என்று தெரிந்தது. யாரென்று எனக்குத் தெரியாது.

எங்கள் வரிசை வந்தது. மலருக்குப் பக்கத்தில் ஒரு இளம் தாய், கையில் பச்சைப் பிள்ளை. அவள் எழும்பி, பிள்ளைக்கு இன்றைக்கு ஒரு மாதம், முதன்முதலாக வீட்டை விட்டுக் கொண்டுவந்தது உங்களிடம்தான் என்றாள். முனகல் சிரிப்பாக மாறியது. கைதட்டல். யாரோ முன்னால் வரச் சொன்னார்கள், பிள்ளைக்கு ஒரு பரிசாம். அந்தத் தாய் கையிலிருந்த பையையும் போத்தலையும் பார்த்தாள், பிறகு மிகச் சாதாரணமாகப் பிள்ளையை மலரின் கையில் கொடுத்துவிட்டு, பரிசை வாங்க நடந்து போனாள். வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட பிள்ளை. அது மலரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

க்ளிஃப்டன் மலருக்கு முன்னால் வந்து நின்றார். புதிய முகம் என்று எல்லோருக்கும் சொன்னார். பிறகு அதே கேள்வி. "சகோதரி, உங்கட வீடு எப்பிடி இருக்கு?"

மலர் பிள்ளையோடு எழும்பினாள். மண்டபம் காத்திருந்தது. அவள் வாய் திறந்ததும் எனக்கு "மை பிரதர்" என்று கேட்கப் போகிறது என்றே நினைத்தேன். அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். தொப்பியை இழுத்து அதன் காதை மூடினாள்.

"எவ்ரிதிங் ஃபைன்" என்றாள். "ஆல் ஃபைன். தாங்க் யூ."

கைதட்டினார்கள். நான் பாதி எழும்பினேன். க்ளிஃப்டன் புன்னகையோடு கையை உயர்த்தி, ஒரு வீட்டுக்கு ஒரு வாய், ஐயா, என்றார். மலர் என் கைச்சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். நாங்கள்தான் கடைசி வரிசை. புதினம் சொல்லும் நேரம் முடிந்தது என்று அறிவித்தார்கள், மேளம் தொடங்கியது.

தாய் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்ட பிறகு, அந்தச் சத்தத்தில் மலர் என் காதோடு சொன்னாள்: "முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிச்சு முதல் முதல் வெளியிலை கொண்டுவந்த பிள்ளை அண்ணை. அதை நெஞ்சோடை வைச்சுக்கொண்டு சிறை, நாடு கடத்தல், சாவு எண்டு எப்பிடிச் சொல்லுறது? பிள்ளைக்குக் கூடாது."

இதை வாசிக்கிற உங்களுக்கு அவள் சொன்னது விளங்கும். அதுதான் எனக்குக் கஷ்டம். தாலி ஏறும் மட்டும் சாவுச் செய்தியை வாசலிலேயே மறித்து வைத்திருக்கிற ஆட்கள் நாங்கள். நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்குத் தீட்டுத் துடக்கோடு போக மாட்டோம், அழுத கண்ணோடு போக மாட்டோம், "எப்பிடிச் சுகம்" என்று கேட்டால் புற்றுநோய் வந்தவரும் "சுகம்" என்று சொல்லிவிட்டுத்தான் கதிரையில் இருப்பார். மலரை அப்படித்தான் வளர்த்தார்கள். அந்த வளர்ப்பு, சரியாக அந்த நிமிஷத்தில், வந்து வாயைப் பொத்திவிட்டது.

நான் குசினிக்குப் போக எழும்பினேன். நடைவழி முழுக்க நாடக உடுப்புப் போட்ட பிள்ளைகள், தரையெல்லாம் தாய்மார், விலத்திப் போக இடம் இல்லை. அரை மணித்தியாலத்துக்கு மேல் அந்த நாடகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் முதலில் வந்தவராக நடித்தது. ஒன்று பெட்டியோடு வந்து கதவைத் தட்டியது. கதவுக்குள் நின்ற பிள்ளை, கறுப்பருக்கு வாடகைக்கு இல்லை என்ற அட்டையைத் தூக்கியது. தட்டிய பிள்ளை அடுத்த கதவுக்குப் போனது. ஏழெட்டுக் கதவு. கடைசிக் கதவில் அட்டை தூக்க மறந்துவிட்டது, சபை முழுக்கச் சிரித்தது. நல்ல நாடகம். எனக்குத்தான் அதில் மனம் ஒட்டவில்லை. கதவடியைத் திரும்பிப் பார்த்தேன், சாம்பல் சட்டைக்காரர் இல்லை.

இரண்டேமுக்கால் மணிக்குப் பேர்ல் கறித் தட்டத்தோடு வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை, சந்தோஷம். நேரே எங்களிடம் வந்து, "அப்ப டெஸ்மண்ட் என்னவாம், விடிய எத்தினை மணிக்கு வெளிக்கிடச் சொன்னவர்?" என்று கேட்டார்.

மலர் நிலத்தைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

பேர்ல் தட்டத்தை ஒரு கதிரையில் வைத்தார். பிறகு மலரின் தோளைப் பிடித்து, சத்தம் போடாமல் சொன்னார்: "நல்லா இருக்கிறம் எண்டு எங்களுக்கோ சொன்னனீ? பிள்ளை, நாங்கள் சாவைச் சொல்லிப்போட்டுத்தான் ஆடுறனாங்கள். சொல்லாமல் எப்பிடி ஆடுறது?"

வாசலுக்கு ஓடினோம். வயது கூடிய கால்கள் என்று சொன்ன அந்தக் கால்களோடு பேர்ல் எனக்கு முன்னால் ஓடினார். டெஸ்மண்டின் மினிபஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. டெஸ்மண்ட் பர்மிங்ஹமில் இருக்கிற மகளைப் பார்க்கப் போய்விட்டார், ஞாயிறு இரவுதான் வருவார். மகள் புது வீட்டுக்கு மாறியவள், அங்கே இன்னும் தொலைபேசி இல்லை.

க்ளிஃப்டன் நல்ல மனிதர். சட்டத்தை மீறி ஒலிபெருக்கியில் விஷயத்தைச் சொன்னார். ஆனால் அதற்குள் கார் வைத்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போயிருந்தார்கள். இருந்தவர்கள் வயதானவர்களும் பிள்ளைகளும். வருகிறோம் என்று சிலர் கை தூக்கினார்கள். ஒரு மூதாட்டி மலரின் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றார்.

பின்னேரம் ஏழு மணி. திரும்பவும் தோர்ண்டன் ஹீத். மாடிப்படியில் உள்ள தொலைபேசி அடித்தது. குகன். தடுப்பு இல்லத்தில் ஒரு தடவை தொலைபேசி எடுக்க விட்டிருக்கிறார்கள். அவன் குரல் எனக்கும் கேட்டது, அவ்வளவு கத்திக் கதைத்தான். ஆட்கள் வருவினமோ அக்கா என்று கேட்டான். மலர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஓம் அப்பன், கன பேர் வருகினம். நீ சாப்பிட்டனியே?" என்றாள். சாப்பிட்டேன் என்றான் அவனும்.

ஞாயிறு, விடிய ஆறரை மணி, விமான நிலையம். பேர்ல், க்ளிஃப்டன், க்ளிஃப்டனின் மனைவி, இன்னும் இரண்டு பேர், மலர், நான். க்ளிஃப்டன் தேவாலயத்துக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தார். கொழும்பு விமானத்துக்கு வரிசை நீண்டிருந்தது. முதலில் யாரிடம் பேசுவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மலர் ஒரு குடும்பத்திடம் போனாள், எங்கள் ஆட்கள்தான், நெற்றியில் திருநீறு. தன் தம்பி இந்த விமானத்தில் ஏற்றப்படுகிறான், நீங்கள் எழும்பி நின்றால் இறக்கிவிடுவார்கள் என்று ஒரு மூச்சில் சொன்னாள். அந்த மனிதர் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டே, "தங்கச்சி, நாங்கள் செத்த வீட்டுக்குப் போறம், எங்களுக்குப் பிரச்சினை வரப்படாது" என்றார். அவர் மனைவி மலரின் கையைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மட்டும் பொறுமையாகக் கேட்டு, பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்து, தன்னால் ஆனதைச் செய்கிறேன் என்றார். அவர் ஒருவர். காவலர் வந்து எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். குகனை நாங்கள் காணவே இல்லை. அவனை வேறு வாசலால் ஏற்றியிருப்பார்கள். பெரிய பலகையில் விமானத்தின் பெயருக்கு நேரே புறப்பட்டது என்று எழுத்து மாறியபோது, பேர்ல்தான் முதலில் அழுதார்.

இனி மிச்சம் நவம்பரில் நடந்தது. கொழும்பிலிருந்து செய்தி இல்லை. தெரிந்த இடமெல்லாம் கேட்டாயிற்று. இறங்கியதைக் கண்டவர் இல்லை, இறங்கவில்லை என்று சொல்வாரும் இல்லை. சங்கத்தின் நவம்பர்க் கூட்டத்துக்கு மலர் தானாகவே போக வேண்டும் என்றாள். அதே ரயில், அதே 207. தெருவெல்லாம் நனைந்த இலை. இந்த முறை கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு அவள் ஒரு வாசலுக்குள் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முன் வரிசையில் இருந்தாள். க்ளிஃப்டன் கேட்க முன்பே எழும்பினாள். தம்பியின் பெயர், வயது, போன நாள், எல்லாவற்றையும் சொன்னாள். இங்கிலிஸ் ஒரு இடத்திலும் தடக்கவில்லை. அந்த முனகல் எழும்பியது, எங்கள் ஊரில் ஒப்பாரி தொடங்க முன் வருகிற அடித்தொண்டைச் சத்தம் போல. கிளாரண்டனில் கூரையில்லாத வீட்டின் புதினத்தோடு கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து சேராத ஒரு பெடியனின் புதினமும் அந்தக் கவுண்டியின் புதினமாகச் சேர்ந்துகொண்டது.

எங்கள் சங்கங்களில் இப்படி ஒரு நேரம் இல்லை. நாங்களும் கூடுகிறோம், நிதி சேர்க்கிறோம், பரிசளிப்பு விழா வைக்கிறோம். ஆனால் உன் வீடு எப்படி இருக்கிறது என்று ஒருவரை எழுப்பிக் கேட்பதில்லை. கேட்டாலும் என்ன மறுமொழி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கடல் தாண்டி வந்த சனம், உள்ளதைச் சொல்ல ஒரு மண்டபமும் ஒரு மணித்தியாலமும் தேடிக்கொள்ளவில்லை என்றால், ஒவ்வொரு வீடும் தன் தன் படிக்கட்டில் நின்று தொலைபேசியில் பொய் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, கதவடியில் அந்தச் சாம்பல் சட்டைக்காரர் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தான்தான் டெஸ்மண்ட் என்றார். மலரிடம் ஏதோ சொல்ல வந்து, என்னைப் பார்த்து, பிறகு அவளிடமே சொன்னார்.

"அண்டைக்கு நான் உங்களுக்குப் பின்னாலை நிண்டனான். ஆருக்கும் வாகனம் தேவைப்படுமோ எண்டு எல்லாற்றை புதினத்தையும் கேட்டுப்போட்டுத்தான் நான் எப்பவும் போறது. நீங்கள் கடைசி. பிள்ளையை வைச்சுக்கொண்டு எல்லாம் ஃபைன் எண்டு சொன்னீங்கள். கேட்க எனக்குச் சந்தோசமா இருந்தது. பர்மிங்ஹம் போய்ச் சேரும் மட்டும் அந்தச் சந்தோசத்தோடைதான் ஓடினனான்."

மலர் ஓம் என்று தலையசைத்தாள். அவர் கையை நீட்டினார், அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. பின்னால் வந்த சனம் எங்களை விலத்திக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனது.